விலையை மறைக்கலாம், இழப்பை மறைக்கலாகாது

சற்று நீண்ட பதிவு. கணினியியல் பயிலும் மாணவர்களும் அதனைக் கற்பிக்கும் நண்பர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2024 மார்ச்சில், ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோரின் பட்டியலைச் சீர்செய்து தரும் பணி என்னிடம் வந்தது. விண்ணப்பங்கள் இணையப் படிவத்தின் வழியாகப் பெறப்பட்டு, ஜேசன் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை முன்னொட்டாகக் கொண்ட 17 இலக்க எண் ஒன்று உண்டு. ஒரே விண்ணப்பம் இருமுறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்க வேண்டும், அவ்வளவே வேலை. ஜாவாஸ்கிரிப்டில் இருபது வரி எழுதினேன். நிரல் நான்கு பதிவுகளை நீக்கியது. இத்தனை பேரில் நான்கு இரட்டைப் பதிவுகள் இயல்புதானே என்று எண்ணிப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு மாணவி வந்து, தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். அவரும் தோழியர் நால்வரும் ஒரே கணினிக்கூடத்தில் அடுத்தடுத்து அமர்ந்து விண்ணப்பித்திருந்தனர். அவர்களுடைய எண்கள் 038, 039, 040, 041, 042 என முடிந்தன. என் நிரலுக்குள் நுழைந்தபோது அந்த ஐந்து எண்களும் 040 என முடியும் ஒரே எண்ணாகிவிட்டன. ஐவரில் ஒருவர் எஞ்சினார், நால்வர் மறைந்தனர். தேர்வுக்குழு கூடுவதற்கு முன்பே தெரியவந்ததால் பட்டியலைத் திருத்த முடிந்தது. அந்த மாணவி கேட்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் ஆய்வுத்துறையே நிரல்மொழிகளின் செயலாக்கம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடந்தது இதுதான். 1985-இல் வெளிவந்த ஐ.ஈ.ஈ.ஈ. 754 தரநிலையின்படி, இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளி எண் 64 பிட்டுகளால் ஆனது: குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னப் பகுதிக்கு 52. எழுதப்படாமல் உணரப்படும் முன்னிலை 1-ஐயும் சேர்த்தால் துல்லியம் 53 பிட்டு. ஆகவே 9,00,71,99,25,47,40,992 வரையுள்ள எல்லா முழு எண்களையும் அதில் பிழையின்றி எழுதலாம். அதற்கு மேல் இடைவெளிகள் தோன்றுகின்றன: முதலில் இரண்டு இரண்டாக, பிறகு நான்கு நான்காக. 2024 எனத் தொடங்கும் 17 இலக்க எண்கள் நான்கு நான்காகத் தாவும் பகுதியில் விழுகின்றன. அங்கே 036, 040, 044 மட்டுமே உண்டு. 039-உம் 041-உம் அருகிலுள்ள 040-க்குச் சென்றன. சரிபாதித் தொலைவில் நின்ற 038-உம் 042-உம், இரட்டைப்படைப் பக்கம் சாய்க்கும் விதியால் அதே 040-இல் வந்து சேர்ந்தன. வன்பொருள் தவறு செய்யவில்லை. இன்டர்பிரிட்டர் தவறு செய்யவில்லை. மொழியின் தரநிலையும் மீறப்படவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தன.

இதே கோப்பைப் பைதானில் திறந்திருந்தால் ஐந்து எண்களும் ஐந்தாகவே இருந்திருக்கும். அங்கே முழு எண்ணுக்குத் தனி வகை உண்டு. அதற்கு அளவெல்லை இல்லை. ஒரே கோப்பு, இரண்டு மொழிகள், இரண்டு விடைகள். இந்த வேறுபாட்டின் வேர், இன்டர்பிரிட்டர் தன் நினைவகத்தில் எண்ணை எவ்வாறு வைத்துக்கொள்கிறது என்ற வினாவில் இருக்கிறது. இதனை "செயலாக்க நுணுக்கம்" என்று வகுப்பில் நானே பலமுறை ஒதுக்கியிருக்கிறேன். அந்தக் கருத்தை இப்போது மாற்றிக்கொண்டுவிட்டேன்.

சி போன்ற மொழிகளில் ஒரு மாறியின் வகை தொகுப்பிக்கு முன்கூட்டியே தெரியும். எட்டுப் பைட்டுகளை மட்டும் ஒதுக்கினால் போதும். இயங்குநேரத்தில் வகை தெரியவரும் மொழியில், ஒவ்வொரு மதிப்பும் "நான் யார்" என்ற அடையாளத்தையும் சுமந்து செல்ல வேண்டும். ஆனால் மிதவைப் புள்ளி எண் 64 பிட்டுகளையும் தானே நிரப்பிவிடுகிறது. அடையாளத்தை எங்கே எழுதுவது? கடந்த சில பத்தாண்டுகளாக இன்டர்பிரிட்டர் எழுதுவோர் இந்த ஒரு வினாவோடு போராடி வந்திருக்கின்றனர்.

முதல் வழி, பெட்டி. சிபைதான் ஒவ்வொரு மிதவை எண்ணையும் ஒரு தனிப்பொருளாக ஆக்குகிறது. 64 பிட் கணினியில் மேற்கோள் எண்ணிக்கைக்கு 8 பைட், வகைக்கான பாயிண்டருக்கு 8, எண்ணுக்கு 8. ஆக 24 பைட். பத்து இலட்சம் எண்கள் கொண்ட பட்டியல் ஏறத்தாழ 32 மெகாபைட்டைப் பிடிக்கும்; நம்பை அணியில் அதே எண்கள் 8 மெகாபைட்டில் அடங்கும். இரண்டாம் வழி, மதிப்பின் அருகிலேயே ஓர் அடையாளப் புலத்தை வைப்பது. லுவா இதைச் செய்கிறது. ஒவ்வொரு மதிப்பும் வழக்கமாக 16 பைட்.

மூன்றாம் வழியான நேன்-பாக்ஸிங் அழகானது. அடுக்கின் 11 பிட்டுகளும் 1 ஆகி, பின்னப் பகுதி சுழியாக இல்லாவிட்டால், அது "எண் அன்று" எனப் பொருள்படும் நேன். அத்தகைய வடிவங்கள் ஏறத்தாழ 9,007 இலட்சம் கோடி உண்டு. கணக்கீட்டுக்கு ஒன்றிரண்டு போதும். இன்றைய கணினிகளில் பயனர் நிரலின் முகவரிகள் பொதுவாக 48 பிட்டுக்குள் அடங்குவதால், வெறுமையாகக் கிடக்கும் அந்த இடத்தில் பாயிண்டரையும் அடையாளத்தையும் ஒளித்துவைக்கலாம். லுவாஜிட், பயர்பாக்ஸின் ஸ்பைடர்மங்கி, சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் ஆகியவை இவ்வழியைப் பின்பற்றுகின்றன. குரோமின் வி8 வேறு பாதையில் செல்கிறது: சிறு முழு எண்களைப் பாயிண்டரின் இடத்திலேயே எழுதிவிட்டு, ஏனைய எண்களுக்குப் பெட்டி தருகிறது.

இவற்றுள் எது சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று. இந்த உத்திகள் அனைத்தும் ஓர் ஒழுக்கத்தைக் காக்கின்றன என்பதையே சுட்ட விரும்புகிறேன். நினைவகம் கூடும், குறையும், வேகம் மாறும், ஆனால் எண்ணின் மதிப்பு ஒரு பிட்டும் மாறாது. பயனரிடமிருந்து இவை மறைப்பது விலையை மட்டுமே.

ரூபி இதற்குத் தெளிவான சான்று. 2013-இல் வந்த ரூபி 2.0, 64 பிட் கணினிகளில் பெரும்பாலான மிதவை எண்களைப் பெட்டியின்றி வைக்கத் தொடங்கியது. அடையாளத்துக்கு இரண்டு பிட்டுகள் தேவைப்பட்டன. பின்னப் பகுதியின் கடைசி இரண்டு பிட்டுகளை வெட்டியிருந்தால் வேலை எளிது. பயனரில் பெரும்பாலோர் கவனித்திருக்கவும் மாட்டார்கள். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அடுக்கின் வீச்சைச் சுருக்கி இடம் பெற்றனர். அந்த வீச்சுக்கு அப்பாற்பட்ட மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களுக்குப் பழைய பெட்டியையே தந்தனர். அரிதான எண்ணுக்குச் செலவு கூடும். எந்த எண்ணும் சிதையாது.

துல்லியத்தைக் குறைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. காமன் லிஸ்ப் தரநிலை மிதவை எண்களுக்குக் குறு, ஒற்றை, இரட்டை, நெடு என நான்கு பெயர்களை வகுத்தது. சிலிஸ்ப் செயலாக்கத்தில் குறு மிதவைக்கு 17 பிட் துல்லியமே உண்டு. ஆனால் அதனைத் தேர்பவர் அறிந்தே தேர்கிறார், பெயரே எச்சரிக்கிறது.

எதிர்மாறான சான்றுகளும் உண்டு. பைதான் 2-இல் பிரிண்ட் ஆணை மிதவை எண்ணை 12 இலக்கத்துக்குச் சுருக்கியே காட்டியது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் திரையில் 0.3 தெரியும், அதனை 0.3-உடன் ஒப்பிட்டால் "சமமில்லை" என்ற விடை வரும். கண் ஒன்றைக் காணும், கணினி வேறொன்றை வைத்திருக்கும். இன்றைய பைதான், மீண்டும் படித்தால் அதே எண்ணைத் தரும் மிகக் குறுகிய வடிவத்தை அச்சிடுகிறது. 0.1 என்பது 0.1 என்றே தெரிகிறது, கூட்டுத்தொகையோ 0.30000000000000004 என்று தன் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்டின் குறை வேறு வகை. மிதவை எண்ணை அது தேர்ந்தது குறையன்று. நெடுங்காலம் அதனை மட்டுமே வைத்திருந்ததும், முழு எண் போலத் தோன்றும் ஒன்றை அறிவிப்பின்றி வேறோர் எண்ணாக மாற்றுவதுமே குறை. 2010-இல் ட்விட்டர் நிறுவனம் தன் பதிவு எண்கள் 53 பிட்டைக் கடக்கவிருந்த நிலையில், அதே எண்ணைச் சரமாகத் தரும் இரண்டாவது புலத்தைச் சேர்க்க நேர்ந்தது. 2020-இன் தரநிலையில் பிக்இன்ட் வந்தது. ஆயினும் ஜேசனைப் படிக்கும் வழக்கமான செயற்கூறு இன்றும் மிதவை எண்ணையே தருகிறது. லுவாவும் 5.2 வரை வழக்கமாக இரட்டைத் துல்லிய எண்ணை மட்டுமே கொண்டிருந்தது. 2015-இல் வந்த 5.3 பதிப்பில் 64 பிட் முழு எண்ணைத் தனியே பிரித்தது. அங்கும் எல்லையைக் கடந்தால் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்கு வந்துவிடும். கையேடு அதனைச் சொல்கிறது, இயங்கும் நிரல் சொல்வதில்லை.

"விண்ணப்ப எண் கணக்குப் போடுவதற்கானதன்று, அதனைச் சரமாகவே வைத்திருக்க வேண்டும்" என்று சிலர் கூறுவர். முற்றிலும் உண்மை. என் பிழையை நான் மறுக்கவில்லை. 2017-இன் ஜேசன் தரநிலை ஆவணமும் 53 பிட் எல்லையைக் குறிப்பிடுகிறது. ஆனால் எல்லையைக் கடந்த எண்ணைப் படிக்கும்போது பிழைச்செய்தி தந்து நிற்பது இன்டர்பிரிட்டருக்கு இயலாத காரியமா? சுழியால் வகுத்தால் பைதான் நிற்கிறது. இல்லாத மாறியைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்டே நிற்கிறது. எண் மாறிப்போகும்போது மட்டும் மௌனம் ஏன்? "வேகம்" என்பது வழக்கமான விடை. கூட்டல் பெருக்கலில் அந்த வாதத்துக்கு வலு உண்டு. கோப்பிலிருந்து உரையைப் படித்து எண்ணாக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு சோதனை செய்வது பெருஞ்சுமையன்று.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் "−13.625-ஐ ஐ.ஈ.ஈ.ஈ. 754 வடிவில் எழுதுக" என்ற வினா ஆண்டுதோறும் வருகிறது. மாணவர்கள் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றனர், நானும் பெற்றேன். அது கணினிக் கட்டமைப்புத் தாளில் வருகிறது. இன்டர்பிரிட்டர் வேறொரு தாளில், வேறொரு பருவத்தில் வருகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. சந்திக்காத அந்த இடைவெளியில்தான் அந்த நான்கு மாணவியர் விழுந்தனர்.

என் பரிந்துரை எளியது. தொகுப்பிகள் பாடத்தின் செய்முறையில் ஒரு சிறு கணக்கீட்டு இன்டர்பிரிட்டரை எழுதச் செய்வோம். எண்ணை ஒருமுறை பெட்டியிலும் மறுமுறை நேன்-பாக்ஸிங்கிலும் வைக்கச் செய்வோம். வேகத்தையும் நினைவகத்தையும் அளக்கட்டும். அதன்பின் 17 இலக்க எண் ஒன்றை உள்ளீடாகத் தந்து, "உன் மொழி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்போம். அதற்கு ஒரே சரியான விடை இல்லை. ஆயினும் அந்த வினாவை ஒருமுறை எதிர்கொண்ட மாணவர், நான் எழுதிய இருபது வரிகளை என்னைப்போல் எழுதமாட்டார்.

மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் துறையின் பாடத்திட்டத்தில் இத்தகைய செய்முறை ஏற்கெனவே இருந்தால், அதையும் அறியத் தாருங்கள், கற்றுக்கொள்ள ஆவலாயிருக்கிறேன்.