கணக்கு ரத்தத்தில் வருவதில்லை, மச்சான்

 

நேற்று நம் குடும்பக் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு. ராமானுஜன் கணக்கே போட்டதில்லையாம், எல்லா விடையும் கனவில் வந்ததாம், வாழ்நாளில் ஒரு தப்புகூடச் செய்ததில்லையாம். வழக்கம்போல 1729-இல் போய் முடிகிறது. அதற்குக் கீழேயே என் மச்சான், பத்தாவது முடித்திருக்கும் தன் பேத்தியைப் பற்றி எழுதுகிறார்: "அவளுக்கு மேத்ஸ் குரூப் வேண்டாம், அதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்." மச்சான், முதலாவதை நம்புகிறவருக்கு இரண்டாவது தானாக வாயில் வந்துவிடும். அதனால்தான் இத்தனை கோபம்.

நாமகிரித் தாயார் மேல் ராமானுஜனுக்கு இருந்த பக்தியோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் உழைப்பை மறைக்கிறீர்களே, அதோடுதான் சண்டை. 1912 மார்ச்சில் நம் ஹார்பரில், போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த மனுஷன் அவர். வியாசர்பாடியில் உங்களில் எத்தனை பேருடைய அப்பா அதே ஹார்பருக்கு சைக்கிள் மிதித்தார்! 1914-இல் கப்பலேறினார். மறுவருடம் லண்டனில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று அச்சானது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்களைப் பற்றியது. 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே வேறெதற்கும் அத்தனை இல்லை. அப்புறம் 24, 36, 48, 60 என்று போகும். அவருடைய அட்டவணை 6746328388800 வரை போகிறது. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. கால்குலேட்டர் கிடையாது.

அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 293318625600. ஆமாம், ராமானுஜன்தான் விட்டுவிட்டார். கனவில் வந்த பட்டியல் என்றால் எப்படி விட்டுப்போகும்? கையால் போட்டுக்கொண்டே போகிறவனுக்குத்தான் நடுவில் ஒன்று தவறும்.

அந்த எண்ணை நீங்களே பிரித்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நாலு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒரு காரணியில் 2 இல்லாமலே இருக்கலாம், ஆறு முறை வரையும் இருக்கலாம். ஆக ஏழு வழி. இப்படியே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 காரணிகள். ஒரு ரஃப் நோட்டுப் பக்கம் போதும். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை என்று காட்டுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத்தான் அவர் பக்கம் பக்கமாகப் பட்டார்.

நானும் யோக்கியன் இல்லை. வாய்ப்பாட்டில் தடுமாறிய ஒரு பையனைப் பார்த்து, "உனக்கெல்லாம் கணக்கு வராதுடா" என்று வகுப்பு முன்னால் சொல்லியிருக்கிறேன். மறுவருடம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. கூடப் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அவனோடு பேச்சு இருந்தால், சார் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள்.

மச்சான், பேத்தியை ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வீட்டுக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் அதுவரை விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். அட்டவணையின் கடைசி எண் வரும். அதற்கு எத்தனை காரணிகள்? கமெண்ட்டில் போடுங்கள், வழியோடு.