துள்ளாத சுத்தியல்

மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு 'டெட் ப்ளோ ஹாமர்' ஒரு சங்கடம். 'செத்த அடி' என்று எழுதினால் செத்தது அடித்தவனா, அடி வாங்கியவனா என்று வாசகர் கேட்பார். ஹிஞ்சேவாடியில் என் பக்கத்து வீட்டுக்காரர் கோவைக்காரர். போசரியில் ஒரே ஒரு மில்லிங் மிஷினுடன் பட்டறை நடத்துகிறார். அவர் இரண்டே சொற்களில் முடித்துவிட்டார்: "துள்ளாத சுத்திங்கண்ணா."

ஹிஞ்சேவாடி என்றால் சாஃப்ட்வேர் பூங்காதான் நினைவுக்கு வரும். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே பிம்ப்ரி, போசரி, சாகண் என்று இரும்பைக் கடைந்து சாப்பிடுகிற உலகம் ஒன்று இருக்கிறது. அங்கே இந்தச் சுத்தியலுக்குத் தனி மரியாதை.

காரணம் தலைக்குள்ளே. அது கூடு, அதில் எஃகு ரவைகளைத் தளர்வாக நிரப்பியிருப்பார்கள். சாதாரண சுத்தியல் அடித்ததும் எகிறும். இதில் ரவைகள் இமைப்பொழுது தாமதமாக முன்னால் வந்து மோதி, எகிறலை அங்கேயே அமுக்கிவிடுகின்றன. மணிக்கட்டு தப்பிக்கிறது. அதைவிட முக்கியம், வேலை தப்பிக்கிறது. வைஸில் பேரலல் கட்டைகள் மேல் இரும்புத் துண்டை வைத்து இறுக்கும்போது அது சற்றே மேலே எழும்பும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் உட்கார்ந்தது மறுபடி எழும்பும், தழும்பும் விழும். நண்பர் துள்ளாத சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடியில் உள்ள கட்டையை விரலால் அசைத்துப் பார்க்கிறார். அசைந்தால் துண்டு சரியாக உட்காரவில்லை. அப்படியே கடைந்தால் கோணல்தான். சரக்கு திரும்பி வரும்.

வைஸ் வேலைக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும். பெரியதாக வாங்குவது வீம்பு. தலையும் பிடியும் ஒரே வார்ப்பாக, உள்ளே எஃகுக் குழாயுடன் இருந்தால் தலை கழன்று பறக்காது. மேலுறை பாலியூரிதேன். ஆணி, உளி, பிசிறுள்ள கூர்முனை ஆகியவற்றை அடித்தால் அது கிழியும். சூடான இரும்பும் கூடாது.

நண்பரின் முதல் சுத்தியல் எட்டே மாதத்தில் வார்ப்புத் தையலோடு பிளந்து, ரவைகள் தரையெல்லாம் ஓடின. அடிக்கும் முகத்தில் கீறல்கூட இல்லை. தவறாகப் பயன்படுத்தியிருந்தால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும்; தையல் விட்டது தயாரிப்புக் கோளாறு என்பது அவர் வாதம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அட்டைப்பெட்டியில் 'லைஃப்டைம் வாரண்டி' என்று இருந்தது. யாருடைய ஆயுள் என்று அதில் இல்லை. கடைக்காரர் கேட்டது ஒன்றே: பில் எங்கே?

"பில் போட்டா வரி சேரும்னாருங்கண்ணா. வேண்டாம்னுட்டேன்."

தொழிலுக்கு வாங்கிய பொருள், அதனால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றும் கடையில் சொன்னார்களாம். அது பாதி உண்மை. 1995இல் லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அலசியது. கோவையின் பிஎஸ்ஜி நிறுவனத்திடம் வாங்கிய சிஎன்சி இயந்திரம் பற்றிய புகார் அது. வணிக நோக்கில் வாங்கியது என்று புகார் தள்ளுபடியானது. ஆனால் வயிற்றுப்பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர், தானே பயன்படுத்த வாங்கினால் நுகர்வோர்தான் என்பதையும் தீர்ப்பு தெளிவாக்கியது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விளக்கம் இருக்கிறது. குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. தானே மிஷின் ஓட்டும் என் நண்பர் இதற்குள் அடங்குவார். வாங்கியதற்கான அத்தாட்சிதான் இல்லை.

புதுச் சுத்தியல் வாங்கிவிட்டார், பில்லோடு. மை மங்கிவிடும் என்று அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். பழைய ரவைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன்.

"கடைக்காரர் ஒரு நாள் இந்தப் பக்கம் வருவாருங்கண்ணா."