கலந்தால் கெடுமா மரபு?

மாலை நேரத்தில் சிராங்கூன் சாலையில் நடந்தால், ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலின் நாதஸ்வர ஓசையும் கடைகளின் திரைப்பாடல்களும் அடுத்தடுத்துக் கேட்கும். பல்வகை இசைக்கும் இடமுள்ள லிட்டில் இந்தியாவிலும் பெற்றோர் சிலருக்கு ஓர் ஐயம் உண்டு. மிருதங்கமோ வீணையோ கற்கும் பிள்ளைகள் பிற இனத்தவரின் கருவிகளோடு சேர்ந்து வாசித்தால், மரபு கெட்டுவிடாதா?

அந்த ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேலைத் தாளம் ஒன்றின்மேல் கர்நாடக மெட்டை வெறுமனே ஒட்டவைத்தால், இரண்டுமே பொலிவிழக்கும். எனினும், குறை கலப்பதில் இல்லை. கற்காமல் கலப்பதில்தான் உள்ளது. 1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு இதற்குச் சான்று.

இங்கிலாந்தின் ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலா கலைஞர் ஜாகிர் உசேன், கடம் வாசிக்கும் ‘விக்கு’ விநாயக்ராம் முதலியோர் அதில் இணைந்தனர். இசைத்தட்டில் இருப்பவை மூன்றே படைப்புகள். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ அரைமணி நேரம் நீண்டு, ஒரு பக்கம் முழுவதையும் நிரப்புகிறது. ஒருவர் வாசிக்க, மற்றவர் காத்திருந்து கேட்டு மறுமொழி தருவதை அதில் உணரலாம்.

மெக்லாஃப்லின் அப்போதே உலகப் புகழ் பெற்றவர். ஆயினும், அவர் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை கற்றார். கமகங்களை வாசிக்க ஏதுவாகத் தம் கிதாரின் விரல்பலகையைக் குடைந்து அமைக்கச் செய்தார். கர்நாடகக் கச்சேரிகளில் பெரும்பாலும் மிருதங்கத்திற்குத் துணையாக ஒலிக்கும் கடம், இக்குழுவில் கிதாருக்கு இணையாக முன்வரிசைக்கு வந்தது. கலப்பு அங்கே மரபைச் சிதைக்கவில்லை, உயர்த்தியது.

அப்பயன் ஒரு தலைமுறையோடு முடியவில்லை. 2024ஆம் ஆண்டு ‘சக்தி’ குழுவின் மற்றொரு தொகுப்பு கிராமி விருது வென்றபோது, எண்பது வயதைக் கடந்த மெக்லாஃப்லினுடன் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் குழுவில் இருந்தார்.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இத்தகைய வாய்ப்பு வகுப்பறையிலேயே இருக்கிறது. எர்ஹூ வாசிக்கும் தோழியும் கொம்பாங் தட்டும் நண்பனும் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள். முதலில் தம் இசையை ஆழமாகக் கற்க வேண்டும். பிறகு அடுத்தவர் இசையைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். பரணில் வைத்த கடம் உடையாமல் இருக்கலாம். ஆனால், அது ஒருபோதும் ஒலிக்காது.