யாருடைய எண்களுக்கு நட்சத்திரக் குறி?

பேஸ்பால் வரலாற்றின் தலைசிறந்த பிட்சர் யார் என்ற சண்டை அமெரிக்காவில் ஓய்வதே இல்லை. கிரிக்கெட்டுக்குப் பந்துவீச்சாளர் எப்படியோ, பேஸ்பாலுக்குப் பிட்சர் அப்படி. பட்டியல் போடுகிறவர்கள் 511 வெற்றிகள் பெற்ற சை யங்கையும், 417 வெற்றிகள் பெற்ற வால்டர் ஜான்சனையும் தவறாமல் சேர்ப்பார்கள். காலம் வேறு, பந்து வேறு, மைதானம் வேறு, எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது என்றும் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். 1968இல் பாப் கிப்சனைப் போன்ற பிட்சர்களின் கை ஓங்கிவிட்டது என்று, அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அந்த ஐந்து அங்குல மண்ணுக்குப் புள்ளியியலாளர்களிடம் கணக்கு இருக்கிறது.

1947 வரை கறுப்பர்களை உள்ளே விடாத சுவருக்கு என்ன கணக்கு?

வெவ்வேறு காலத்துப் பிட்சர்களை ஒப்பிட இவர்கள் கையாளும் வழி எளியது: ஒருவரை அவர் காலத்து லீக் சராசரியோடு வைத்துப் பார்ப்பது. அந்தச் சராசரி யாருடையது? வெள்ளையர்கள் வெள்ளையர்களோடு மட்டும் ஆடியதன் சராசரி. லெஃப்டி குரோவின் 300 வெற்றிகளில் ஒன்றில்கூட ஜோஷ் கிப்சன் எதிரே மட்டையோடு நின்றதில்லை. வால்டர் ஜான்சனின் 417இல் ஆஸ்கர் சார்ல்ஸ்டன் இல்லை. இந்த வெற்றிகளின் பக்கத்தில் யாரும் நட்சத்திரக் குறி போடவில்லை. நீக்ரோ லீக் எண்களைச் சேர்க்கலாமா என்றதும்தான் எல்லோருக்கும் 'தகுதி' ஞாபகம் வருகிறது. அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல.

ஆட்டங்கள் குறைவு என்கிறார்கள். ஆமாம், குறைவுதான். லீக் ஆட்டங்களின் வசூல் வயிற்றுக்குப் போதாமல் அந்த அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடிய ஆட்டங்கள் கணக்கில் வரவில்லை. சரி, பெருந்தொற்றுக் காலமான 2020இல் மேஜர் லீக் ஓர் அணிக்கு 60 ஆட்டங்களே நடத்தியது. வெறும் 12 ஆட்டங்களில் முதல் பிட்சராக இறங்கிய ஷேன் பீபருக்குச் சை யங் விருதையும் கொடுத்தது. அப்போது 'ஆட்டங்கள் குறைவு' என்ற வாதம் எங்கே போயிருந்தது?

அதே 2020 டிசம்பரில்தான் நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் தகுதிக்கு 'உயர்த்துவதாக' அறிவித்தார்கள். நெடுநாள் கவனக்குறைவு ஒன்றைத் திருத்துகிறார்களாம். கவனக்குறைவா? 1887இல் நியூவர்க் அணியின் கறுப்புப் பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவி களமிறங்கினால் ஆட மாட்டோம் என்று கேப் ஆன்சனின் சிகாகோ அணி மறுத்தது. ஸ்டோவி ஒதுக்கி வைக்கப்பட்டார். அதே நாளில் இன்டர்நேஷனல் லீக் முதலாளிகள் கறுப்பர்களுக்குப் புதிய ஒப்பந்தம் தருவதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். வாக்கெடுத்துச் செய்ததற்குப் பெயர் கவனக்குறைவு அல்ல.

எண்கள் இல்லை என்பதும் பொய். சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பர் இதழ்கள் ஆட்ட விவரங்களை அச்சிட்டுக்கொண்டேதான் இருந்தன. ஆய்வாளர்கள் பழைய தாள்களைப் புரட்டித் தொகுத்த எண்கள் 2024இல் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. ஒரே பருவத்துக்கான இஆர்ஏ பட்டியலில் (ஃபீல்டிங் தவறுகளைக் கழித்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி) சாச்சல் பெய்ஜின் 1944ஆம் ஆண்டின் 1.01 மூன்றாவது இடத்துக்கு வந்தது.

பெய்ஜைப் பற்றி வேடிக்கைக் கதைகள் ஏராளம். ஒருவரின் எண்ணைப் பறித்துக்கொண்டு கதையை மட்டும் விட்டுவைப்பது மலிவான தாராளம். மேஜர் லீக் அவரை உள்ளே விட்டபோது அவருக்கு வயது 42. அந்த 1948 பருவத்தில் 6 வெற்றி, 1 தோல்வி. 59 வயதில் இன்னொரு முறை இறங்கி மூன்று இன்னிங்ஸ் வீசினார், ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் 1952இல் பிட்ஸ்பர்க் கூரியர் நடத்திய வாக்கெடுப்பில் நீக்ரோ லீக்கின் சிறந்த பிட்சராகத் தேர்வானவர் பெய்ஜ் அல்ல, ஸ்மோக்கி ஜோ வில்லியம்ஸ். அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 1999இல். அவர் இறந்தது 1951இல்.

ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது 1956இல் தொடங்கியது. முதலில் பெற்றவர் நீக்ரோ லீக்கின் நியூவர்க் ஈகிள்ஸ் அணியிலிருந்து வந்த டான் நியூகம்ப். விருதுக்குப் பெயர் தந்தவரோ, தன் 22 ஆண்டு மேஜர் லீக் வாழ்வில் கறுப்பர் என்று அறியப்பட்ட ஒரே ஒரு மட்டையாளருக்குக்கூடப் பந்து வீசியதில்லை.