ஸ்டேடியத்தைக் கட்டிவிடலாம், கழகத்தை யார் கட்டுவது?



துருக்கியின் உதைபந்தாட்ட ஸ்டேடியங்களின் படங்கள் எமது வட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. "மாஷா அல்லாஹ், எப்படிக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்" என்று ஒருவர் போடுவார். "எங்கட ஊரில ஒரு பெவிலியன் கூட இல்ல" என்று அடுத்தவர் பெருமூச்சு விடுவார். ஆசையில் பிழையில்லை. ஆனால் அந்தப் படங்களுக்குள் அகப்படாத ஒரு கதை இருக்கிறது. ஊர் மைதானத்தைப் பற்றிப் பேசும் நாம் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புர்சா என்ற நகரிலிருந்து தொடங்குவோம். துருக்கியில் லீக் கிண்ணம் என்றால் அது இஸ்தான்புல்லின் மூன்று பெரிய கழகங்களுக்கே சொந்தம் என்றிருந்த நிலையை முதலில் உடைத்தது ட்ராப்சோன்ஸ்போர். இரண்டாவதாக உடைத்தது புர்சாஸ்போர். 2010 மே மாதம், லீக்கின் கடைசி நாள். இஸ்தான்புல்லில் பெனர்பாச்சே தன் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தது. புர்சாவும் சமநிலை என்று ஒரு பிழையான செய்தி பரவ, தாமே சம்பியன் என்று நினைத்த பெனர்பாச்சே ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடினார்கள். உண்மையில் புர்சா வென்றிருந்தது. கிண்ணம் அங்கே போனது.

அந்த மகிழ்ச்சியின் பின் 2015 இறுதியில் புர்சாவுக்குப் புதிய ஸ்டேடியம் திறக்கப்பட்டது. 40 ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள். கழகத்தின் சின்னம் முதலை என்பதால் கட்டடத்தையே பச்சை முதலை வடிவில் கட்டினார்கள். நமது குழுமங்களில் வரும் படங்களில் அதுவும் ஒன்று. பிறகு நடந்ததைப் படம் சொல்லாது. 2019 இல் கழகம் முதல் பிரிவிலிருந்து விழுந்தது. 2022 இல் மூன்றாம் பிரிவுக்கு. 2024 இல் நான்காம் பிரிவுக்கு. முதலை அப்படியே இருந்தது, அதற்குள் விளையாடிய கழகம் பாதாளத்துக்குப் போய்விட்டது.

எஸ்கிஷெஹிர் நகரின் கதை இதைவிட வேதனையானது. அதன் கழகம் 1971 இல் துருக்கிக் கிண்ணத்தை வென்றது. 2016 மே மாதம் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய புதிய ஸ்டேடியம் அதே வருடக் கடைசியில்தான் திறக்கப்பட்டது. மாப்பிள்ளை போன பிறகு பந்தல் போட்ட கதை. 2023 இல் அந்தக் கழகம் தொழில்முறை லீக்கையே விட்டு வெளியேறி, அமெச்சூர் லீக்கில் ஆட வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி நடந்தது? துருக்கியின் பெரிய கழகங்கள் பெரும்பாலும் சங்கங்கள். தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். வாக்குக் கேட்பவர் பெரிய வீரரைக் கொண்டுவருவேன் என்பார். வெளிநாட்டு வீரருக்குச் சம்பளம் யூரோவில், கழகத்தின் வருமானம் லீராவில். லீரா விழ விழக் கடன் ஏறும். தலைவர் மாறுவார், கடன் கழகத்தின் தலையில் இருக்கும். சம்பளப் பாக்கிக்காக வீரர்கள் முறைப்பாடு செய்ய, புதிய வீரர்களை எடுக்கத் தடை வரும். பிறகு அனுபவமில்லாத பிள்ளைகளை இறக்கித் தோற்க வேண்டியதுதான். அரசும் நகர சபைகளும் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தன. கழகத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேட்க ஆள் இருக்கவில்லை.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். 2023 பெப்ரவரி 6 அதிகாலை 4.17 க்கு வந்த பூகம்பத்தை நாம் மறக்கவில்லை. துருக்கியில் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மரணித்தார்கள். ஹதாய் நகரின் கழகம் தன் வீரர் கிறிஸ்டியன் அட்சுவையும் இழந்தது. ஊரே இடிந்துபோன நிலையில் அந்த வருட லீக்கிலிருந்து விலகியது. அடுத்த வருடம் சொந்த மண்ணில் ஆட வழியில்லாமல் மெர்சின் நகரில் போய் ஆடியது, முதல் பிரிவிலும் தப்பி நின்றது. அதற்கடுத்த வருடம் விழுந்தது உண்மைதான். ஆனாலும் எஸ்கிஷெஹிரில் ஸ்டேடியம் இருந்தது, கழகம் சரிந்தது. ஹதாயில் ஆட மைதானம் இல்லை, கழகம் எழுந்து நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே பெப்ரவரி 26 ஆம் திகதி, இஸ்தான்புல்லில் பெஷிக்டாஷ் ஆடிக்கொண்டிருந்தது. சரியாக 4 நிமிடம் 17 செக்கனில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ரசிகர்கள் ஆயிரக்கணக்கான பொம்மைகளையும் கழுத்துத் துணிகளையும் மைதானத்துக்குள் வீசினார்கள். எல்லாம் பூகம்பத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு. அன்றைய ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இன்னொன்றும் உண்டு. 2011 இல் பெனர்பாச்சே ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து குழப்பம் செய்ததால், ரசிகர் இல்லாமல் ஆடும்படி தண்டனை வந்தது. பிறகு அதை மாற்றி, பெண்களையும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் மட்டும் இலவசமாக அனுமதித்தார்கள். 41 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். எதிரணி வீரர்களையும் கைதட்டி வரவேற்றார்கள். தண்டனையாகத் தொடங்கியது, அந்த ஸ்டேடியத்தின் மிக அழகான நாட்களில் ஒன்றாக முடிந்தது.

ஆசிரியர்களான எமக்குப் பிடித்த தகவல் ஒன்று. ஐரோப்பியக் கிண்ணம் வென்ற முதல் துருக்கிக் கழகமான கலாடாசராய், 2000 ஆம் ஆண்டு ஆர்சனலைத் தோற்கடித்த அந்தக் கழகம், 1905 இல் பாடசாலை மாணவர்களால் தொடங்கப்பட்டது. பாடசாலையின் பெயரே கழகத்தின் பெயர். தொடங்கிய மாணவர்களில் ஒருவரான அலி சமி யென்னின் பெயரைப் பின்னாளில் அவர்களின் ஸ்டேடியத்துக்கு வைத்தார்கள். பிள்ளைகள் முதலில், கழகம் அடுத்து, கட்டடம் கடைசியில்.

நமது கருத்து இதுதான். நமது ஊருக்கும் நல்ல மைதானம் வேண்டும், கேட்போம். தேர்தல் காலத்தில் மட்டுமல்ல, எப்போதும் கேட்போம். ஆனால் அதற்கு முன் நம் கையிலேயே இருக்கும் சில வேலைகள் உண்டு. கழகங்களின் வருடக் கணக்கை ஊரார் முன் வாசிப்போம். சுற்றுப்போட்டிக்கு வெளியூர் வீரரைக் காசு கொடுத்துக் கூட்டி வருவதற்கு முன், 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு அணியும் நேரத்துக்கு வரும் ஒரு பயிற்றுவிப்பாளரும் இருக்கிறார்களா என்று பார்ப்போம். தாய்மாரும் சகோதரிகளும் கண்ணியமாக அமர்ந்து பார்க்க ஓர் இடம் ஒதுக்குவோம். அவர்கள் இருக்கும் இடத்தில் கெட்ட வார்த்தை தானாகக் குறையும்.

புர்சாவின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். நான்காம் பிரிவில் கிடந்த கழகத்தைப் பார்க்க பல்லாயிரம் பேர் டிக்கட் வாங்கி வந்தார்கள். 2025 இல் கழகம் ஒரு படி மேலே ஏறியது. அந்த முதலைக்கு உயிர் கொடுத்தது அந்த மனிதர்கள்தான்.

ஊர்க் கழகங்களின் நிர்வாகிகள் இதைப் படித்தால் கீழே கருத்தைச் சொல்லுங்கள். இந்த வருடக் கணக்கு எப்போது வாசிக்கப்படும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் சந்தோசம்.