தொழிற்சாலையில் ஏணி எங்கே?

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் வன்னி மண்ணில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. வைகறையில் பஸ் வண்டிகள் கிராமங்களுக்குச் சென்று எம் பெண்மக்களை ஏற்றிச் செல்கின்றன. விளைவு பொய்த்த வீட்டுக்கும் மாதந் தவறாது சம்பளம் வருகிறது. இதனை எவரும் இகழார். ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இன்று தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண், பத்தாண்டின் பின் எங்கே அமர்ந்திருப்பாள்?

பெரும்பாலும் அதே இயந்திரத்தின் முன்னேதான்! ஒருத்தி கழுத்துப்பட்டி தைக்கிறாள்; மற்றொருத்தி கை பொருத்துகிறாள்; முழுச் சட்டையைத் தைக்க எவளும் பழகுவதில்லை. வரிசையில் இயந்திரங்கள் பல. மேற்பார்வையாளர் பதவியோ ஒன்று. எல்லோரும் வல்லவராயினும் ஒருவரே ஏறலாம். இது திறமைக் குறைவன்று, வெறுங் கணக்கு. எம் விவசாயி தன் மகனுக்கு வரம்பு கட்ட மட்டுமா பழக்குகிறான்? விதை தெரியவும், நீர் பாய்ச்சவும், விளைந்ததை விற்கவும் பழக்குகிறான் அன்றோ?

2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் மாதம் 10,000 ரூபா என அடித்தளமிட்டது. அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. ஆனால் அடித்தளம் உயர்ந்தால் மட்டும் ஏணி முளைக்காது. நேற்று வந்தவளுக்கும் பத்தாண்டு உழைத்தவளுக்கும் சம்பளத்தில் வேறுபாடு சிறிதெனின், அனுபவத்துக்கு மதிப்பேது?

பதவிகள் சிலவேயாயின், திறமைக்குப் படி வகுக்க வேண்டும். அதற்குரிய அளவுகோல் நாட்டில் ஏற்கெனவே உண்டு. தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பல இயந்திரங்களிற் பயிற்சி, மட்டம் ஏறுந்தோறும் சம்பள உயர்வு, இவற்றைத் தமிழில் எழுதிய நியமனக் கடிதம் — இம்மூன்றையும் கேட்போம்.

“செலவு கூடினால் முதலாளிமார் போய்விடுவர்” என்பார் சிலர். பழகிய கைகள் சலித்து விலக, புதியவரை மீண்டும் மீண்டும் பழக்குவது செலவில்லையா?

புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டும்போதெல்லாம், எத்தனை பேருக்கு வேலை என்றே எம் பிரதிநிதிகள் எண்ணிச் சொல்கின்றனர். எத்தனை படிகள் என்பதையும் அவர்கள் சொல்லட்டும். பெற்றோரும், படித்தோரும், தொழிற்சங்கத்தாரும் அதனை ஒரே குரலிற் கேட்கட்டும். கூலி இன்றைய பசியைத் தீர்க்கும்; நாளைய வாழ்வை உயர்த்துவது படியே!