தூரத்திலிருந்து தொடும் கை: எப்போது திறப்பது, எப்போது மூடுவது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் இரண்டு ஒரே விஷயத்தைப் பற்றியவை. இரண்டுமே தளி வட்டாரத்திலிருந்து வந்தவை. ஒருவருக்கு அந்த மென்பொருள் தேவைப்படுகிறது. இன்னொருவர் அதனால் பணத்தை இழந்திருக்கிறார். எனவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் தரப்படுகிறது.

கேள்வி 1: தளி அருகே பசுமைக்குடிலில் ரோஜா வைத்திருக்கும் விவசாயி கேட்கிறார். சொட்டுநீரோடு உரம் கலந்து விடும் தானியங்கிக் கருவி அடிக்கடி தகராறு செய்கிறது. அது பம்பு அறையில் உள்ள கணினியோடு இணைந்தது. கருவி விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வெளிமாநிலத்தில் இருக்கிறார். "எனிடெஸ்க் போடுங்கள், இங்கிருந்தே சரிசெய்கிறேன்" என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, "அதைப் போட்டால் வங்கிப் பணம் போய்விடும்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை ஒரு கணினியின் திரையை வேறு ஊரில் இருப்பவர் பார்க்கவும், அவரே அதை இயக்கவும் உதவுபவை. மென்பொருளை நிறுவியதும் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணை எதிர்முனையில் இருப்பவர் தன் கணினியில் போட்டால், இங்கே "அனுமதிக்கலாமா?" என்ற கேள்வி வரும். சம்மதம் கொடுத்த பிறகு அவர் மவுஸை நகர்த்தினால் இங்கே நகரும். தட்டினால் இங்கே எழுத்து விழும்.

ரோஜா விவசாயிக்கு இதன் அருமை தெரியும். பிப்ரவரி 14 காதலர் தினத்துக்கான பூ ஜனவரிக் கடைசியிலிருந்தே வெட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் உரக்கருவி நின்றுபோய், ஆள் வருவதற்கு மூன்று நாள் ஆனால், தண்டின் நீளத்திலும் மொட்டின் அளவிலும் அது தெரியும். எனவே தூரத்திலிருந்து பழுது பார்ப்பது நல்ல வசதிதான். ஆனால் அதைச் செய்யும் முறை இருக்கிறது.

முதல் விதி: அழைப்பு விவசாயியிடமிருந்து போக வேண்டும். கருவியோடு வந்த ரசீதிலோ உத்தரவாத அட்டையிலோ உள்ள எண்ணுக்கு நாம் பேசி, நாம் கேட்டு, அவர்கள் இணைய வேண்டும். தானாக வரும் அழைப்பில், "உங்கள் கருவியில் கோளாறு தெரிகிறது, செயலி போடுங்கள்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது விதி: பம்பு அறைக் கணினியில் வங்கி வேலை எதுவும் கூடாது. இணைய வங்கி, மின்னஞ்சல், ஆதார் நகல், பட்டா நகல் எதையும் அதில் வைக்க வேண்டாம். பணம் இருக்கும் கைபேசியில் இந்த மென்பொருளைப் போடவே வேண்டாம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பயத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது விதி: இப்போதைய பதிப்புகளில் வந்துள்ள பாதுகாப்பு வசதிகளைப் பயன்படுத்த வேண்டும். எதிர்முனைக்காரர் திரையைப் பார்க்க மட்டும் முடியும்படி அமைக்கலாம். கோப்புகளை எடுக்க முடியாதபடி தடுக்கலாம். குறிப்பிட்ட எண்ணிலிருந்து மட்டுமே இணைய முடியும் என்று பட்டியல் போடலாம். ஆள் இல்லாதபோதும் இணைய நிரந்தரக் கடவுச்சொல் வைக்கும் வசதியும் உண்டு. பொறியாளர் அதைக் கேட்டால், "வேண்டும்போது நானே திறந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிடலாம். அவசியம் வைத்தே ஆக வேண்டும் என்றால், கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் சேர்த்து வைக்கவும். இங்குள்ள திரையைக் கறுப்பாக்கிவிட்டு அங்கிருந்து வேலை செய்யும் வசதியும் சிலவற்றில் இருக்கிறது. கேட்காமல் திரை கறுத்தால் இணைய இணைப்பை உடனே துண்டிக்கவும்.

நான்காவது விதி தோட்டத்துக்கே உரியது. இணைப்புக் கொடுக்கும் முன் கருவியில் உள்ள அளவுகளை, அதாவது ஈ.சி., பி.ஹெச்., நீர் விடும் நேரம் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்து வைக்கவும். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைக்கவும். எங்கோ இருப்பவர் சோதனைக்காக ஒரு பொத்தானைத் தட்டும்போது இங்கே ஒருவர் பம்பில் கை வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டம் வந்தால், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, போனில் சொல்லிவிட்டுப் போடவும். வேலை முடிந்ததும் சொட்டுவானிலிருந்து விழும் நீரைப் பிடித்து, கையில் வைத்துப் பார்க்கும் மீட்டரால் ஈ.சி., பி.ஹெச். இரண்டையும் அளக்கவும். திரையில் காட்டும் எண்ணும் மீட்டர் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். உப்பு ஏறினால் இலை ஓரம் கருகும். அமிலம் கூடினால் வேர் பாதிக்கும். மனிதர் செய்த தவறைச் செடி சில நாள் கழித்துத்தான் காட்டும்.

எல்லாம் முடிந்தபின் இணைப்பைத் துண்டித்து, மென்பொருளை மூடிவிட வேண்டும். பசுமைக்குடில் பராமரிப்பில் சந்தேகம் இருந்தால், இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் தளியிலேயே இயங்கும் கொய்மலர் மகத்துவ மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி 2: தேன்கனிக்கோட்டை வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் விவசாயி எழுதியிருக்கிறார். பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டதாகவும் கே.ஒய்.சி. முடிக்க வேண்டும் என்றும் ஒருவர் போனில் பேசியிருக்கிறார். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. அவர் சொன்ன செயலியை ஏற்றி, அவர் சொன்ன இடங்களில் எல்லாம் "சரி" அழுத்தியிருக்கிறார். ஓ.டி.பி. எண்ணை வாய் திறந்து சொல்லவே இல்லை. இருந்தும் ஆடு விற்று வைத்திருந்த பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. எப்படிப் போனது? இனி என்ன செய்வது?

பதில்: ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்பதை அவர் நினைவில் வைத்திருந்திருக்கிறார். அதனால் அவரை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. திரையே எதிர்முனைக்காரருக்குத் தெரியும்போது, ஓ.டி.பி. குறுஞ்செய்தி வந்து விழுந்ததும் அவரே படித்துக்கொள்வார். இதே வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைக் குறிப்பிட்டு வங்கிகளை எச்சரித்தது. மென்பொருள் திருட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. திருடர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் இரண்டு அனுமதிகள் முக்கியம். ஒன்று, திரையைப் பகிர்வது. இதைக் கொடுத்தால் அவர் பார்க்கலாம். மற்றொன்று, அமைப்புகளில் இருக்கும் "அக்சசிபிலிட்டி" அனுமதி. இதைக் கொடுத்தால் அவர் போனை இயக்கவே முடியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ வைத்த வாசல் அது. முன்பின் தெரியாதவர் அதைத் திறக்கச் சொன்னால் மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

புதிய போன்களில் சில தடுப்புகள் வந்திருக்கின்றன. 2022ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், பிளே ஸ்டோருக்கு வெளியே வாட்ஸ்அப் போன்ற வழிகளில் வரும் செயலிக்கு அக்சசிபிலிட்டி அனுமதி எளிதில் கிடைக்காது. 2024ல் வந்த ஆண்ட்ராய்டு 15, திரையைப் பகிரும்போது அறிவிப்பில் வரும் ஓ.டி.பி.யை மறைக்கிறது. 2025ல் வந்த ஆண்ட்ராய்டு 16, தொடர்புப் பட்டியலில் இல்லாதவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அனுமதியைத் தரவிடாமல் தடுக்கிறது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலும் 2023 முதல் திரையைப் பகிர முடியும். தெரியாதவரோடு பகிரப் போனால் எச்சரிக்கை காட்டும் வசதியை 2025 அக்டோபரில் அந்நிறுவனம் அறிவித்தது.

ஆனால் பல வீடுகளில் இருப்பது பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன். அதில் இந்தத் தடுப்புகள் இருக்காது. அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு எண்ணைப் பார்த்துக்கொள்ளவும். 13க்குக் கீழே இருந்தால், அந்தப் போனில் வங்கிக் கணக்கையோ பண அனுப்பும் செயலியையோ வைக்காமல் இருப்பது நல்லது.

பணம் போனது தெரிந்தால் செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. போனில் இணையத்தை அணைக்கவும். முடிந்தால் போனையே அணைக்கவும். இணைப்பு அறுந்தால் எதிர்முனைக்காரரின் கையும் நின்றுவிடும்.

2. வேறொரு போனிலிருந்து 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசவும். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க இதுவே வழி. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

3. வங்கிக்குத் தெரிவித்து, கணக்கையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தி வைக்கச் சொல்லவும். புகார் எண்ணை எழுதி வாங்கவும்.

4. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகாரைப் பதிவு செய்யவும். வந்த அழைப்பின் எண், பணம் போன குறுஞ்செய்தி இரண்டையும் அழிக்க வேண்டாம்.

5. அந்தச் செயலியை நீக்கி, வேறு போனிலிருந்து கடவுச்சொற்களையும் பின் எண்ணையும் மாற்றவும்.

வங்கிக்குச் சீக்கிரம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. தப்பு நம் பக்கம்தானே என்று வெட்கப்பட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் நான்கு நாள் தள்ளிப்போடும் குடும்பங்கள் இழப்பது இந்த இடத்தில்தான்.

பி.எம். கிசான் தவணை நின்றிருந்தால், அதைச் சரிசெய்ய யாரும் போனில் செயலி போடச் சொல்லத் தேவையில்லை. பொது சேவை மையத்துக்கு ஆதாரோடு நேரில் போய்க் கைரேகை வைத்து கே.ஒய்.சி. முடிக்கலாம். திட்டத்தின் உதவி எண் 155261. வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் தவணை நிலவரத்தைக் கேட்கலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டம் அது. அந்த மூன்று தவணைக்காகப் பயந்து முழுக் கணக்கையும் திறந்துவிட வேண்டாம்.

எல்லைப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஹிந்தி என்று எந்த மொழியிலும் அழைப்பு வரும். பேசும் மொழியை வைத்தோ, நம் பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்கிறார் என்பதை வைத்தோ நம்ப முடியாது. அழைத்தது யார், செயலி ஏறும் கருவியில் பணம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் போதும். நாம் அழைத்து, பணம் இல்லாத கருவியில் என்றால் கண் முன்னே வேலை நடக்கட்டும். அவர் அழைத்து, பணம் இருக்கும் போனில் என்றால் வைத்துவிடவும். இதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இன்றே ஒருமுறை சொல்லி வைப்பது நல்லது.